திருமலையிலிருந்து சுடுதளத்துக்கு: எவ்வளவு தூரம் போகலாம், எதற்காகப் போகலாம்

துப்பாக்கிச் சுடுதலை விளையாட்டாகப் பழக ஆசைப்படும் திருகோணமலைப் பிள்ளைக்கு முதல் தடை பயணம்தான். கொழும்புக்கு வீதியால் ஏறத்தாழ 260 கிலோமீற்றர். கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, குருநாகல் தாண்டிப் போய் இறங்க ஆறு, ஏழு மணித்தியாலம். இரவு ரயில் அதைவிடக் கூட எடுக்கும். கடற்படையின் பயிற்சிக் கல்லூரி எங்கள் துறைமுகத் தளத்துக்குள்ளேயே இருக்கிறது. விமானப்படையின் கல்லூரி சீனக்குடாவில் இருக்கிறது. ஆனால் அவை படையினருக்கானவை. பொதுமக்கள் சேரக்கூடிய கழகங்களும் பயிற்றுநர்களும் பெரும்பாலும் மேல் மாகாணத்தில்தான். அதனால் வீட்டில் எழும் கேள்வி நியாயமானது: இதுக்காகக் கொழும்பு வரைக்கும் போகத்தான் வேணுமா? போனால் எத்தனை நாளுக்கு ஒருக்கா?

என் பதில் இதுதான். இன்னொருவரின் கண் பார்த்துச் சொல்ல வேண்டியதற்குத் தூரம் போங்கள். உங்கள் கையும் காலும் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியதற்கு வீட்டிலேயே இருங்கள். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காமல் மாதாமாதம் பஸ் ஏறுகிறவர்கள் காசையும் உடம்பையும் கரைத்துக்கொண்டு, கடைசியில் "எனக்கு இது வராது" என்று விட்டுவிடுகிறார்கள். அது எனக்கு உண்மையிலேயே கவலை தருகிற விஷயம், ஏனென்றால் இந்த நாட்டுக்கு இது வந்த விளையாட்டு. 1994ஆம் ஆண்டு கனடாவின் விக்டோரியாவில் நடந்த பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் புஷ்பமாலி ராமநாயக்கவும் மாலினி விக்கிரமசிங்கவும் எயார் ரைபிள் இரட்டையரில் தங்கம் வென்றார்கள். டெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக்கில் அதே 10 மீற்றர் எயார் ரைபிளில் இலங்கைக்காகச் சுட்டார்.

எந்தப் பிரிவைத் தெரிவு செய்கிறீர்கள் என்பதே பாதித் தூரத்தைத் தீர்மானிக்கிறது. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் ட்ராப், 50 மீற்றர் ரைபிள் எல்லாம் உண்மையான ரவை, உண்மையான வெளி, உண்மையான தடுப்பு மேடு கேட்பவை. வீட்டில் செய்யக்கூடியது அவற்றில் குறைவு. திருமலையில் குடியிருந்துகொண்டு ட்ராப் பழகப் போகிறேன் என்று ஒருவர் கேட்டால், இடம் மாறும் எண்ணம் இல்லையென்றால் வேண்டாம் என்றுதான் சொல்வேன். காற்றழுத்தத்தால் சுடும் 10 மீற்றர் எயார் ரைபிளும் எயார் பிஸ்டலும் வேறு. அவற்றின் வேலையில் பெரும்பங்கு நிற்பதும் பிடிப்பதும் விசையை இழுப்பதும்தான். அதற்கு ஒரு அறையும் ஒரு சுவரும் போதும்.

எவ்வளவு நுணுக்கமான வேலை என்று ஒரு கணக்கைப் பாருங்கள். எயார் ரைபிள் இலக்கின் பத்து, அதாவது பத்துப் புள்ளி தரும் நடு, 0.5 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு பொட்டு. பெலட், அதாவது சுடும் சிறு ஈயக் குண்டு, 4.5 மில்லிமீற்றர். பெலட்டின் ஓரம் அந்தப் பொட்டைத் தொட்டாலே பத்து என்பதால், பெலட்டின் நடு மையத்திலிருந்து 2.5 மில்லிமீற்றருக்குள் விழ வேண்டும். கண்ணுக்கருகே இருக்கும் பின்கண்ணியிலிருந்து குழல் நுனியில் இருக்கும் முன்குறி வரை 75 சென்ரிமீற்றர் என்று வைத்தால், முன்குறி 0.2 மில்லிமீற்றர் நகர்ந்தாலே அந்த 2.5 போய்விடும். இரண்டு கடதாசித் தாள்களின் தடிப்பு அது. எயார் பிஸ்டலுக்குப் பத்து 11.5 மில்லிமீற்றர் என்று பெரிதாக இருந்தாலும், குறிக்கண்ணிகளுக்கு இடையிலான தூரம் ரைபிளின் பாதிக்கும் குறைவு, தாங்கி நிற்பதோ நீட்டிய ஒற்றைக் கை. ஆகவே முன்குறிக்குக் கிடைக்கும் இடம் அங்கேயும் கிட்டத்தட்ட அவ்வளவுதான்.

இரவு முழுக்க பஸ்ஸில் குலுங்கி வந்த உடம்பு இந்த 0.2 மில்லிமீற்றரைப் பிடிக்காது. ஆசனத்தில் ஒடுங்கி இருந்ததில் இடுப்பும் தோளும் இறுகியிருக்கும். ஏசி பஸ்ஸில் கண் காய்ந்து, முன்குறியின் விளிம்பு கலங்கித் தெரியும். வழியில் கழிப்பறைக்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவதும், இறங்கியவுடன் நித்திரை போக இரண்டு பிளேன்ரீ அடிப்பதும் கை நடுக்கத்தைக் கூட்டும். அப்படியே நேராகச் சுடுதளத்துக்குப் போனால் பயிற்றுநர் பார்ப்பது உங்கள் பிழையை இல்லை, உங்கள் களைப்பை. அவர் அதைத் திருத்தப் போவார். நீங்கள் அந்தத் திருத்தத்தை ஊருக்குக் கொண்டுவந்து, நல்லாய் நித்திரை கொண்ட உடம்பில் பழகுவீர்கள். இல்லாத பிழைக்கு மருந்து கட்டிய கதைதான்.

ஆகவே தூரம் போவதென்றால் இரண்டு நாளாகப் போங்கள். வெள்ளி இரவு புறப்பட்டால் சனி காலை குளித்து, சாப்பிட்டு, இரண்டு மூன்று மணித்தியாலமாவது நீட்டிப் படுத்துவிட்டு, பின்னேரம் முதல் அமர்வு. ஞாயிறு காலை இரண்டாவது அமர்வு. அதுதான் முக்கியமானது, ஏனென்றால் முதல் நாள் சொல்லித் தந்ததை ஒரு இரவு கழித்து உடம்பு வைத்திருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பின்னேரம் ஊருக்கு. ஒரு அமர்வுக்கு 60 முதல் 80 வெடி போதும். 500 பெலட் உள்ள ஒரு டின் மூன்று பயணத்துக்குக் காணும். போயா நாள் வரும் வார இறுதியா என்று முதலே பாருங்கள், தளம் திறந்திருக்குமா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். மோட்டார் சைக்கிளில் இரவுப் பயணம் வேண்டவே வேண்டாம். கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் யானை வீதிக்கு வரும் இடங்கள் எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

எத்தனை நாளுக்கு ஒருக்கா என்பதற்கு நான் சொல்லும் அளவு இது: போகவர எடுக்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் வீட்டில் குறைந்தது ஒரு மணித்தியாலப் பயிற்சி முடிந்திருக்க வேண்டும். போகவர 14 மணித்தியாலம் என்று வைத்தால், வாரத்துக்கு ஐந்து நாள், நாளுக்கு அரை மணித்தியாலம் என்று ஆறு வாரத்தில் 15 மணித்தியாலம் வரும். எனவே ஆறு வாரத்துக்கு ஒரு பயணம். அந்த 15 மணித்தியாலத்தைப் போடாதவர் பயணத்தைத் தள்ளிப்போடட்டும். போன முறை சொன்னதையே பயிற்றுநர் இந்த முறையும் சொல்லுவார்.

வீட்டுப் பயிற்சியைத்தான் பெரும்பாலானோர் பிழையாகச் செய்கிறார்கள். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் ட்ரை ஃபயர், அதாவது பெலட் போடாமல் விசையை இழுத்துப் பழகுவது. போட்டிக்கென்று செய்த எயார் ரைபிள்களில் இதற்கென்றே ஒரு அமைப்பு உண்டு, காற்றை வெளியே விடாமல் விசை மட்டும் விழும். குழலை மடக்கி ஸ்பிரிங்கை ஏற்றும் சாதாரண எயார் துவக்கில் இதைச் செய்யக்கூடாது. அதில் பெலட் குழலுக்குள் இருக்கும்போது பிஸ்டனின் முன்னால் அடைபடும் காற்றுத்தான் மெத்தை. பெலட் இல்லாவிட்டால் பிஸ்டன் நேரே போய் முகப்பில் அடிக்கும். ஸ்பிரிங்கும் சீலும் சீக்கிரம் போய்விடும், பிறகு அதே துவக்கு ஒவ்வொரு வெடிக்கும் ஒவ்வொரு வேகத்தில் சுடும். பழகுகிறவர் தன் கையில் பிழை தேடிக்கொண்டிருப்பார்.

ட்ரை ஃபயரை வெள்ளைச் சுவரில் தொடங்குங்கள். இலக்கு வேண்டாம். இலக்கு இருந்தால் கண் அங்கே ஓடிவிடும். சுவர் மட்டும் இருந்தால் முன்குறி அசைகிறதா, விசை விழும் அந்தக் கணத்தில் எந்தப் பக்கம் துள்ளுகிறது என்பது பளிச்சென்று தெரியும். வலக்கைக்காரரின் பிஸ்டல் இடப்பக்கம் கீழே போனால், சுட்டுவிரலோடு மற்ற விரல்களும் சேர்ந்து இறுகுகின்றன என்று பொருள். விரல் விசையில் அதிகம் உள்ளே போயிருந்தாலும் பக்கவாட்டு இழுவை வரும். எயார் பிஸ்டலின் விசைக்குக் குறைந்தது 500 கிராம் எடை இருக்க வேண்டும் என்பது விதி. அந்த 500 கிராமைப் படிப்படியாக ஏற்றி, எப்போது விழுந்தது என்று தெரியாமலே விழவைப்பதுதான் பழக்கம். விழுந்த பிறகும் இரண்டு வினாடி அப்படியே குறியில் நில்லுங்கள்.

சுவரில் இரண்டு வாரம் போனபின் இலக்கு வைக்கலாம். 10 மீற்றர் நீளமான வீடு எங்களில் எத்தனை பேருக்கு? 5 மீற்றரில் பாதி அளவு இலக்கு வையுங்கள்: ரைபிளின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீற்றர் என்றால் இங்கே 15.25. உயரத்தில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். போட்டியில் இலக்கின் மையம் தரையிலிருந்து 1.40 மீற்றரில் இருக்கும். பாதித் தூரத்திலும் அதே 1.40இல் ஒட்டினால் துவக்கின் சாய்வு மாறிவிடும். நீங்கள் குறி பிடிக்கும்போது குழலின் உயரத்தை இன்னொருவரைக் கொண்டு அளவுநாடாவால் அளந்துகொள்ளுங்கள். அது 1.50 மீற்றர் என்றால் வித்தியாசம் 10 சென்ரிமீற்றர். அதன் பாதி 5. ஆகவே 5 மீற்றரில் மையம் 1.45 மீற்றரில் வரவேண்டும். இதைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் பழகியவர் உண்மையான தளத்தில் நின்றால், துவக்கு இயல்பாகவே இலக்குக்குக் கீழே போய் நிற்கும். அவர் கையால் அதைத் தூக்கி மேலே கொண்டுவருவார். அந்தத் தூக்கல் களைப்பாக மாறி, முப்பதாவது வெடிக்குப் பிறகு புள்ளிகள் சரியத் தொடங்கும்.

உடம்பின் இயல்பான குறிநிலையைச் சோதிப்பதும் வீட்டில்தான். குறி பிடித்து, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டு, கண்ணைத் திறவுங்கள். முன்குறி இலக்கிலிருந்து விலகியிருந்தால் கையால் இழுக்காமல் பாதத்தைத் திருத்துங்கள். பக்கவாட்டில் விலகினால் பின்காலைச் சற்றுச் சுற்றி வையுங்கள். சென்ரிமீற்றர் கணக்கு போதும். ரைபிளில் இடுப்பெலும்பை இலக்குப் பக்கம் தள்ளி, முழங்கையை அதில் ஊன்றி, பாரம் எலும்பில் இறங்கவேண்டும். தசை தாங்கினால் நடுங்கும். தலையைத் துவக்குக்குக் கொண்டுபோகாமல், துவக்கைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். எந்தச் சப்பாத்தோடு சுடப் போகிறீர்களோ அதைப் போட்டுக்கொண்டே பழகுங்கள். வெறுங்காலில் சீமெந்துத் தரையில் பழகிவிட்டு, குதிகால் உயர்ந்த சப்பாத்தோடு தளத்தில் நின்றால் எல்லாம் முன்னுக்குச் சரியும்.

ஒரு வெடிக்கு எட்டுப் பத்து வினாடிக்கு மேல் குறி பிடிக்க வேண்டாம். அதற்குள் விழாவிட்டால் இறக்குங்கள், மூச்சு விடுங்கள், மறுபடி தொடங்குங்கள். இறக்கும் துணிவுதான் இந்த விளையாட்டில் எல்லாவற்றிலும் பெரியது என்று நினைக்கிறேன். போட்டியில் மின்னணு இலக்கென்றால் 60 வெடிக்கு 75 நிமிடம். நேரம் தாராளமாக இருக்கிறது. அவசரப்பட்டு விட்ட எட்டு ஒன்றைத் திருப்பி எடுக்க முடியாது.

துவக்கே இல்லாத வீட்டில்? தொடக்கத்தில் அப்படித்தான் இருக்க வேண்டும் என்பது என் கருத்து. கழகத்தின் துவக்கில் ஆறு மாதமாவது சுட்டுப் பார்க்காமல் எதையும் வாங்க வேண்டாம். பிஸ்டலுக்கு ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலை நீட்டிய கையில் பத்து வினாடி பிடித்து, அரை நிமிடம் ஆறி, பதினைந்து முறை. ரைபிளுக்குத் தச்சரிடம் சொல்லி 90 சென்ரிமீற்றர் நீளத்தில் நாலு கிலோவுக்குக் கிட்டிய ஒரு பலகை எடுத்து நிலையில் நின்று பிடிக்கலாம். விதிப்படி எயார் ரைபிள் 5.5 கிலோவுக்கு மேல் போகக்கூடாது, எனவே நாலு கிலோ தொடக்கத்துக்கு நல்ல பாரம். பலகை பலகையாகவே இருக்கட்டும். கறுப்பு மை பூசி, பிடி செதுக்கித் துவக்கு மாதிரி ஆக்க வேண்டாம். ஜன்னலை நோக்கி நிற்கவும் வேண்டாம். போரைக் கண்ட ஊர் இது. பக்கத்து வீட்டு அம்மாவின் நெஞ்சு பதறுவதற்கும், வீதியால் போகும் ரோந்து நிற்பதற்கும் ஒரு நிழல் போதும்.

காற்றைப் பற்றி ஒரு நல்ல செய்தி. போட்டி எயார் ரைபிள்களும் பிஸ்டல்களும் 200 பார் அழுத்தக் காற்றில் இயங்குபவை. அதை நிரப்ப எங்கே போவது என்று உள்நாட்டு மாவட்டக்காரர்கள் தவிக்கும்போது, எங்களுக்கு நிலாவெளியிலும் உப்புவெளியிலும் சுழியோடும் கடைகள் இருக்கின்றன. சுழியோடிகள் முதுகில் கட்டும் 12 லீற்றர் சிலிண்டரில் வடிகட்டிய உலர்ந்த காற்று 200 பாரில் இருக்கும். துவக்கின் சிலிண்டர் 0.2 லீற்றர் என்று வையுங்கள். 100 பாரிலிருந்து 200க்கு நிரப்ப 20 லீற்றர் காற்று. பெரிய சிலிண்டரில் குறைவது 2 பார்கூட இல்லை. ஒரு பெரிய சிலிண்டர் மாதக்கணக்கில் வரும், ஆனால் ஒவ்வொரு முறையும் உச்ச அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும் என்பதை எழுதிவையுங்கள். சரியான இணைப்பான் உங்கள் துவக்குத் தயாரிப்பாளருடையதாக இருக்க வேண்டும். மெதுவாகத் திறவுங்கள், கெதியாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், ஆறியபின் அழுத்தம் குறைந்துவிடும். கடல் அமைதியாக இருக்கும் மே முதல் செப்டெம்பர் வரைதான் இந்தக் கடைகள் மும்முரமாக இருக்கும். வாடைக்காற்று மழை தொடங்கமுன் நிரப்பி வைத்துவிடுங்கள். ஒக்சிஜன் சிலிண்டரில் இருந்து ஒருபோதும் நிரப்பக்கூடாது. ஒட்டுவேலைக் கடையில் கிடைக்கிறதே என்று நினைக்க வேண்டாம். துவக்கின் வால்வில் இருக்கும் எண்ணெய்ப் பசையும் அழுத்த ஒக்சிஜனும் சந்தித்தால் வெடிக்கும், ஆளைக் கொல்லும். துவக்கு சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர் குறித்த ஆயுட்காலம் உண்டு, பொதுவாகப் பத்து ஆண்டு. பழையது மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்குமுன் அதில் பொறித்த திகதியைப் பாருங்கள்.

கடல் காற்று இன்னொரு வேலையையும் செய்யும். பயணம் முடிந்து வந்த உடனே பெட்டியைத் திறந்து, வியர்வை பட்ட இரும்பை உலர்ந்த துணியால் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். பெட்டியின் பஞ்சு ஈரத்தை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும், பூட்டிய பெட்டிக்குள் ஒரு வாரத்தில் துரு விழும்.

இனி, எந்தப் பயிற்றுநருக்காகப் பஸ் ஏறலாம்? தொலைபேசியில் நாலைந்து கேள்வி கேட்டாலே தெரிந்துவிடும். ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்? நாலுக்கு மேல் என்றால் 260 கிலோமீற்றருக்குப் பெறுமதி இல்லை. கழகத்துத் துவக்கு கிடைக்குமா, இடக்கைக்காரருக்கு உண்டா? மின்னணு இலக்கா, கடதாசியா? இரண்டு பயணத்துக்கு இடையில் வீடியோ அனுப்பினால் பார்ப்பாரா? கடைசிக் கேள்விக்கு ஓம் என்று சொல்பவர் பாதித் தூரத்தைக் குறைத்துத் தருகிறார். தொலைபேசியை மூன்று மீற்றர் தள்ளி, இடுப்பு உயரத்தில் வைத்து, முன்னால், பின்னால், பக்கவாட்டில் ஐந்து வெடி வீதம் எடுத்து அனுப்புங்கள். பெரும்பாலான பயிற்றுநர்கள் சிங்களத்தில் சொல்லித் தருவார்கள். மொழி அவ்வளவு ஓடாதவர்கள் முதல் பயணத்துக்கு விளங்கக்கூடிய ஒருவரைக் கூட்டிப்போவது நல்லது. கட்டளைகள் எப்படியும் ஆங்கிலம்தான்: லோட், ஸ்டார்ட், ஸ்டொப், அன்லோட். ஸ்டொப் என்ற சத்தம் கேட்டால், விசையில் விரல் வைத்திருந்தாலும் எடுத்துவிட வேண்டும். இதை முதல் நாளே உடம்பில் ஏற்ற வேண்டும்.

தளத்துக்குள் போனதும் பாருங்கள். பயிற்றுநரின் கண் உங்கள் இலக்கில் இருக்கிறதா, உங்கள் உடம்பில் இருக்கிறதா? எட்டு விழுந்தது என்று இலக்கே சொல்லும், அதற்கு ஆள் தேவையில்லை. எட்டு விழுமுன் உங்கள் தோள் ஏறியதைப் பார்க்கத்தான் இத்தனை தூரம் வந்தது. எல்லாத் துவக்கிலும் குழலுக்குள் போட்ட நிறமான பாதுகாப்பு நாண் தெரிகிறதா? ஆட்கள் இலக்குப் பக்கம் போகும்போது எவராவது துவக்கைத் தொடுகிறார்களா? தொட்டால், எவரும் அதட்டாவிட்டால், அந்த இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டாம், அது உங்கள் வீட்டுக்கு அடுத்த ஒழுங்கையில் இருந்தாலும்.

சொந்தத் துவக்கோடு பயணம் செய்வதை இயன்றவரை தவிருங்கள். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க சுடுகலன்கள் கட்டளைச் சட்டம்தான் அடிப்படை. எயார் ரைபிளாக இருந்தாலும் வாங்குமுன், கொண்டுவருமுன் பாதுகாப்பு அமைச்சிடமும் உங்கள் கழகத்திடமும் எழுத்தில் கேட்டுப் பதிலையும் எழுத்தில் பெறுங்கள். கொண்டுபோகத்தான் வேண்டும் என்றால், பூட்டிய பெட்டி, வெறும் குழல், பெலட் வேறு பையில், அனுமதிப்பத்திரத்தின் மூலப்பிரதி கையில், போட்டி அல்லது பயிற்சிக்கான கழகத்தின் கடிதம் சிங்களத்திலும் தமிழிலும். சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறக்கச் சொல்லுமுன் நீங்களே கடிதத்தை நீட்டுங்கள். "சேர், ஸ்போர்ட்ஸ் எயார் ரைபிள், இதுதான் லைசென்ஸ்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் கையைப் பெட்டியிலிருந்து எடுத்து நில்லுங்கள். பெட்டியை அவர்களே திறக்கட்டும். தமிழ் இளைஞன் ஒருவன் துவக்குப் பெட்டியோடு பஸ்ஸில் ஏறினால் என்ன நினைப்பார்கள் என்ற பயம் பெற்றோருக்கு இருப்பது இயல்பு. அந்தப் பயத்தைக் குறைக்கும் வழி, கழகத்திலேயே துவக்கை வைத்துவிட்டு வெறுங்கையோடு பயணம் செய்வது.

பயிர்ப் பாதுகாப்புத் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. தம்பலகாமம், கந்தளாய், சேருவில, மூதூர்ப் பக்கத்தில் காட்டுப்பன்றிக்கென்று மாவட்டச் செயலகத்தினூடாக அனுமதி பெற்ற 12 போர் (குழலின் அகல அளவு) துவக்கு வைத்திருப்பவர்களுக்குக் கொழும்புப் பயிற்சி தேவையில்லை. அவர்களுக்குத் தேவை, அனுமதி பெற்ற துவக்குத் திருத்துநர் ஒருவரிடம் அரைநாள் போய்வருவது. அங்கே நாலு விஷயம் பார்க்கச் சொல்லுங்கள். குழலைப் பூட்டும் இடம் ஆடுகிறதா. ஏற்றி வைத்த சுத்தியல் விசையைத் தொடாமலே தானாக நழுவுகிறதா. குழலுக்குள் குழி விழுந்திருக்கிறதா. ரவை அறை எத்தனை நீளம். பழைய துவக்குகள் பலவற்றில் அறை 65 மில்லிமீற்றர்தான். 70 மில்லிமீற்றர் ரவை அதற்குள் போகும். ஆனால் வெடித்து விரியும் வாய்க்கு இடமில்லாமல் அழுத்தம் எகிறும்.

வயல்காவலில் ஆளை முடமாக்கும் பிழைகள் இரண்டு. ஒன்று, குழல் அடைப்பு. மாதக்கணக்கில் மூலையில் சாத்திய துவக்கின் குழலில் வேட்டைக் குளவி மண்கூடு கட்டிவிடும். வரப்பில் ஊன்றியதில் வாயில் சேறு ஏறும். ரவை போடுமுன் துவக்கை மடக்கி, வெளிச்சத்தை நோக்கிக் குழலூடாக ஒரு முறை பாருங்கள். முழு வட்டம் தெரியாவிட்டால் சுட வேண்டாம். மற்றது, அதைவிட ஒல்லியான 20 போர் ரவையை 12 போர் துவக்கில் போடுவது. அது அறையைத் தாண்டி வழுக்கிப் போய்க் குழலில் சிக்கி நிற்கும். வெடிக்கவில்லையே என்று பின்னால் ஒரு 12 போர் ரவையைப் போட்டால் குழல் கைப்பிடி இடத்திலேயே வெடிக்கும். இரண்டு வகை ரவையும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது. அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் டிசெம்பர் 31க்கு முன் புதுப்பிக்கப் போகும் அந்த வாரத்திலேயே திருத்துநரிடமும் போய்விட்டால் இரண்டு வேலையும் ஒரே அலைச்சலில் முடியும்.

விளையாட்டுக்குத் திரும்புகிறேன். ஒரு கட்டத்தில் ஆறு வாரத்துக்கு ஒரு பயணம் போதாமல் போகும். அதைப் புள்ளியை வைத்து முடிவெடுங்கள், ஆசையை வைத்து எடுக்க வேண்டாம். வீட்டுப் பயிற்சி ஒழுங்காக நடந்தும், மூன்று பயணங்களில் தொடர்ந்து 60 வெடியின் மொத்தம் நகராமல் நின்றால், பிழை உங்கள் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது. அப்போது பயணத்தை மூன்று வாரமாக நெருக்குங்கள், இரண்டு மாதத்துக்கு மட்டும். தேசிய மட்டத் தெரிவுக்கு நெருங்கும் பிள்ளைக்கு அதுவும் போதாது. உயர்தரப் பரீட்சை முடிந்த இடைவெளியில் கொழும்பில் உறவினர் வீட்டில் மூன்று மாதம் தங்கிப் பழகுவது, ஒரு வருடம் முழுக்க வாராவாரம் ஓடுவதைவிட மலிவு, பலனும் கூட.

திரும்பி வரும்போது ரயிலில் ஏறியதும், நித்திரை வருமுன், பயிற்றுநர் சொன்னதில் ஒன்றே ஒன்றை எழுதுங்கள். அவர் நாலு சொல்லியிருப்பார். நாலையும் ஒரே நேரத்தில் திருத்தப் போனால் எதுவும் நிற்காது. எதை முதலில் திருத்துவது என்று அவரிடமே கேட்டுவிட்டு வருவது இன்னும் நல்லது. திங்கள் ஓய்வு. செவ்வாய் வெள்ளைச் சுவரில் அந்த ஒன்றை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். மூன்றாவது வாரம் வீடியோ எடுத்து அனுப்புங்கள். அவர் பார்த்து "சரி, இது நின்றுவிட்டது" என்று சொன்ன பிறகு அடுத்த பயணத்துக்கு ஆசனம் பதிவு செய்யுங்கள்.